இன்சுலின் செடி என்று நாம் வளர்ப்பது எந்தச் செடி?

செடிகளுக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வருவோர் கொண்டுவரும் தொட்டிகளில், அண்மை ஆண்டுகளில் அடிக்கடி காண்பது 'இன்சுலின் செடி'. சென்ற கோடையில் ஒரு பெரியவர் அத்தகைய தொட்டியுடன் வந்து, இலைகளின் ஓரம் கருகுவதற்கு வழி கேட்டார். தினமும் காலையில் ஓர் இலையை மென்று வருவதாகவும், அந்த நம்பிக்கையில் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டதாகவும் பேச்சினிடையே சொன்னார். நான் மருத்துவன் அல்லன். ஆனால் அவர் நினைத்திருந்த செடி வேறு, கையிலிருந்த செடி வேறு என்பதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பெயரில் பெரும்பாலும் இரண்டு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, கிழக்குப் பிரேசிலின் ஈரக்காடுகளைச் சேர்ந்த கேமிகோஸ்டஸ் கஸ்பிடேட்டஸ். கோஸ்டஸ் இக்னியஸ் என்று முன்பு வழங்கிய இதனை 2006ஆம் ஆண்டில் தாவரவியலாளர்கள் தனிப் பேரினத்தில் சேர்த்தனர். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேல் வளரும் இதன் இலையின் அடிப்புறத்தில் பெரும்பாலும் ஊதா சாயல் இருக்கும். பூ அகன்று விரிந்த ஆரஞ்சு நிறம். மற்றொன்று, மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா வரை பரவியுள்ள கோஸ்டஸ் பிக்டஸ். இது இடுப்பளவுக்கும் மேல் உயரும். தண்டில் செம்பழுப்புக் கோடுகள் ஓடும். இலை குறுகலாக, ஓரம் அலைபோல இருக்கும். பச்சைக் கூம்பு போன்ற மஞ்சரியிலிருந்து (பூங்கொத்திலிருந்து) சிவப்புக் கோடிட்ட மஞ்சள் பூக்கள் வரும். பெரியவருடைய தொட்டியில் பூ இல்லை, ஆனால் தண்டின் கோடுகளே அது பிக்டஸ் என்று காட்டிக்கொடுத்தன.

குழப்பம் இத்துடன் நிற்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான சரிவுகளில், சிவந்த பூவடிச் செதில்களுக்கிடையே வெண்பூ பூத்து ஆளுயரம் வளரும் நம் நாட்டுச் செடியான ஹெல்லேனியா ஸ்பெசியோசாவையும் இதே பெயரில் விற்பதைப் பார்த்திருக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கிடைக்கும் வேரோ, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இமயமலைச் செடியினுடையது; பெயரில் ஒலி ஒற்றுமை இருப்பதைத் தவிர இவற்றுக்கும் அதற்கும் உறவே இல்லை.

மேலே சொன்ன மூன்று செடிகளும் அடங்கும் கோஸ்டஸ் குடும்பமா, தோற்றத்தில் அதை ஒத்த இஞ்சிக் குடும்பமா என்று அறியப் பூ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இஞ்சியிலும் மஞ்சளிலும் இலைகள் இரு வரிசையாக எதிரெதிரே அமையும். கோஸ்டஸிலோ ஒற்றை வரிசையாகத் தண்டைச் சுற்றிப் படிக்கட்டு போல ஏறும். இலையைக் கசக்கினால் இஞ்சிக்குரிய மணமும் வராது. பூவில் நம் கண்ணைக் கவரும் அகன்ற பகுதியும் இதழ் அன்று, பூவின் ஆண் உறுப்புகளான மகரந்தத்தாள்களில் மகரந்தம் தராத ஐந்து ஒன்றாய் இணைந்து உருவானது. இந்த ஒரு நுட்பத்துக்காகவே இச்செடியை வளர்க்கலாம் என்பேன்.

இலையில் இன்சுலின் இல்லை. இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அது புரதம் என்பதால் உண்டால் செரித்துவிடும். அதனால்தான் 1922ஆம் ஆண்டில் டொராண்டோவில் முதல் நோயாளிக்குத் தந்தபோதும் ஊசியாகவே தந்தார்கள். பிக்டஸ் இலையின் புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம். சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் இதை நாள்தோறும் மெல்லுவது கவலைக்குரியது. மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரிடம் கேட்காமல் செய்யக்கூடாத காரியம். முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலின் ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

வளர்ப்பு முறை கடினமன்று. காட்டின் கீழ்த்தளத்தில் வாழப் பழகிய செடி என்பதால், காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் போதும். பெரியவரின் செடி கருகியது மொட்டைமாடியின் முழு வெயிலில். மட்கிய இலை உரம் தாராளமாகக் கலந்த, நீர் தேங்காத மண்ணில் கிழங்கைப் பிரித்தோ, மூன்று கணுக்கள் கொண்ட தண்டை வெட்டியோ நடலாம். மண் எப்போதும் லேசாக ஈரமாக இருக்க வேண்டும். தொட்டித் தட்டில் நின்ற நீர் கிழங்கை அழுகச் செய்துவிடும். ஒரு பூ ஒரு நாளே நிற்கும் என்பதால், இனத்தை உறுதி செய்ய விரும்புவோர் அது விரிந்த காலையிலேயே பூ, தண்டு, இலையின் அடிப்புறம் ஆகிய மூன்றையும் படமெடுத்து வைக்க வேண்டும்.

பெரியவர் அந்த வாரமே மருத்துவரைப் பார்த்தார். மழை தொடங்கியபின் அவர் அனுப்பிய படத்தில், மஞ்சளில் சிவப்புக் கோடுகளுடன் பிக்டஸ் பூத்திருந்தது.