கயிறு வருவதற்கு முன்பே கால் எழ வேண்டும்

கயிறு தாண்டப் பழகத் தொடங்கும் ஆறு வயதுக் குழந்தைகளில் பலரும் ஒரே மாதிரித்தான் தவறுகிறார்கள். கயிறு தலைக்கு மேல் சுழன்று வந்து முன்னால் தரையில் விழும். குழந்தை அதைக் குனிந்து பார்க்கும், பிறகு குதிக்கும். அதற்குள் கயிறு கால்விரலில் சிக்கியிருக்கும். "இன்னும் உயரமாகக் குதி" என்று பக்கத்தில் நிற்கும் பெரியவர் சொல்வார். குழந்தை முழு பலத்தையும் கூட்டி எம்பும், மறுபடியும் சிக்கும்.

அந்த அறிவுரையில்தான் கோளாறு. கயிற்றின் தடிமன் சில மில்லிமீட்டர். அதைத் தாண்ட மூன்று, நான்கு சென்டிமீட்டர் எழுந்தாலே போதும். ஐந்து சென்டிமீட்டர் எழும்பும் உடல் ஏறத்தாழ 0.2 நொடி காற்றில் இருக்கும். 20 சென்டிமீட்டர் எழும்பினால் 0.4 நொடி. நிமிடத்துக்கு 120 சுற்று என்பது பழகியவர்களுக்கு நிதானமான வேகம். அதில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது அரை நொடி. உயரமாகக் குதித்த குழந்தைக்கு அடுத்த குதிப்புக்குத் தயாராக மிஞ்சுவது 0.1 நொடிதான். பலத்தைக் கூட்டக் கூட ஆட்டம் கெடுகிறது.

குழந்தைக்குக் குறைவது பலம் அன்று, நேரக் கணிப்பு. கண்ணால் ஒன்றைப் பார்த்து உடலை அசைக்கத் தொடங்க, வளர்ந்தவருக்கே சுமார் 0.2 நொடி ஆகிறது. தொடக்கப்பள்ளி வயதில் இன்னும் கூடுதலாகும். அதன்பின் முழங்கால் மடங்கி, தசை விசையைத் திரட்டி, பாதம் தரையை விட்டுப் பிரிய வேண்டும். கயிற்றைப் பார்த்துவிட்டுக் குதிப்பது என்பது, வேகமாகச் சுழலும் கயிற்றுக்கு முன் நடக்காத காரியம். கயிறு இன்னும் தலைக்கு மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே காலுக்குக் கட்டளை போயிருக்க வேண்டும்.

இந்த முன்கணிப்பில் பெரும்பங்கு சிறுமூளையுடையது. பிடரிக்கு உள்ளே ஒதுங்கியிருக்கும் இந்தப் பகுதி, மூளையின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மொத்த நரம்பணுக்களில் 80 விழுக்காட்டுக்கு அருகில் இங்கேதான் இருக்கின்றன. ஒரு கட்டளையை அனுப்பினால் அடுத்த கணம் உடலுக்கு என்ன நேரும் என்று இது முன்கூட்டிக் கணிக்கிறது. நடந்தது கணிப்போடு ஒத்துவராவிட்டால் அந்த வேறுபாட்டைக் கொண்டு அடுத்த கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. கயிறு காலில் சிக்குவது அப்படிப்பட்ட திருத்தத்துக்கான தகவல். எத்தனை நொடிப் பிசகு என்று யாரும் வாயால் சொல்லித்தர முடியாததைக் கணுக்காலில் விழும் அடி சொல்லிவிடுகிறது.

தகவல் கண் வழியாக மட்டும் வருவதில்லை. சுழலும் கயிறு கைப்பிடியை இழுக்கும் திசை, அது எங்கே இருக்கிறது என்பதைக் கைக்கு உணர்த்துகிறது. தரையில் படும் ஓசை தாளத்தைத் தருகிறது. செவிவழித் தகவலுக்கு உடல் கண்வழித் தகவலைவிடச் சற்று விரைவாகவே எதிர்வினை காட்டும். இதனால்தான் மெல்லிய நைலான் கயிற்றை முதல் கயிறாகக் கொடுப்பது சரியில்லை என்பேன். அது கையை இழுப்பதும் இல்லை, தரையில் ஒலிப்பதும் இல்லை. மணி கோத்த கயிறோ சற்றுக் கனமான கயிறோ எவ்வளவோ மேல்.

இனி கைகளின் சிக்கல். சாதாரணமாக மேலே எம்பும்போது கைகளும் உடலோடு மேலே வீசும். அந்த வீச்சு குதிப்புக்கு உயரம் சேர்க்கிறது. கயிறு தாண்டும்போதோ, கயிறு தலைக்கு மேல் இருக்கையில் கைகள் மேலேயும் பாதங்கள் தரையிலும் இருக்க வேண்டும். கைகள் கீழே இறங்குகையில் உடல் மேலே எழ வேண்டும். குழந்தை ஏற்கெனவே பழகிய இணைப்பை அறுத்து, அதற்கு நேர் எதிரான ஒன்றைக் கட்டியாக வேண்டும். கவனித்துப் பாருங்கள்: தடுமாறும் குழந்தையின் கைகள் குதிக்கும் அதே கணத்தில் மேலே போகும், கயிறும் கூடவே எழுந்து முழங்காலில் மோதும்.

மாஸ்கோவில் 1920-களில் தொழிலாளர்கள் சுத்தியல் அடிப்பதைப் படம்பிடித்து ஆராய்ந்த நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் ஒரு விந்தையைக் கண்டார். தேர்ந்த கைகளில் சுத்தியல் குறியில் சரியாக விழுகிறது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் சற்றே வேறுவிதமாக அசைகின்றன. இத்தனை மூட்டுகளையும் எப்படி ஆள்வது என்பதே உடலியக்கத்தின் அடிப்படைக் கேள்வி என்றார் அவர். புதிதாகப் பழகுகிறவர் பல மூட்டுகளை விறைப்பாக்கிப் பூட்டிவிட்டுச் சிலவற்றை மட்டும் அசைக்கிறார் என்பதும் அவருடைய கருத்தே. கயிறு தாண்டலில் இதை அப்படியே காணலாம்: தொடக்கத்தில் முழங்கை விறைத்து, தோளிலிருந்து பெரிய வட்டம், மாதங்கள் போனபின் முழங்கை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டு மட்டும் சுழல்கிறது.

காலிலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. தேர்ந்தவரின் கெண்டைக்கால் தசை, பாதம் தரையில் படுவதற்கு முன்பே இறுகிவிடும். அப்போது குதிகால் தசைநாண் வில்லைப் போல நீண்டு, சேமித்த ஆற்றலை அடுத்த எழுச்சிக்குத் திருப்பித் தருகிறது. சிறு குழந்தைகளிடம் இந்த முன்னிறுக்கம் குறைவு. முழுப் பாதமும் தொப்பென விழும், ஆற்றல் வீணாகும், பத்துச் சுற்றுக்குள் மூச்சு வாங்கும்.

கயிறு தாண்டினால் கணக்கு நன்றாக வரும், கவனம் கூடும் என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இயக்கத் திறன்கள் பெரும்பாலும் பழகிய வேலைக்கே உரியவை. கயிற்றில் தேர்ந்த குழந்தைக்குப் பந்து பிடிப்பதுகூடத் தானாக வந்துவிடாது. தாளத்தோடு குதித்து இறங்குவதும், மூச்சுக்கும் எலும்புக்கும் கிடைக்கும் பயனும் போதாதா?

கற்றுக்கொடுப்பவர் செய்யக்கூடியது, குதிக்கும் நேரத்தைப் பிடிப்பது, கையால் கயிற்றைச் சுழற்றுவது ஆகிய இரண்டையும் முதலில் பிரித்துவிடுவது. நீளமான கயிற்றைப் பெரியவர்கள் இருவர் சுழற்றினால் கையின் வேலை இல்லாமற்போகும். குழந்தை நேரத்தை மட்டும் பிடித்தால் போதும். மறுபக்கம், இரு கைப்பிடிகளையும் ஒரே கையில் பிடித்து, கயிற்றை உடலுக்குப் பக்கவாட்டில் சுழற்றி, தரையில் அது ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் குதிக்கச் சொல்லலாம். சிக்குவதற்குக் கால் அங்கே இல்லை என்பதால் தாளம் அறுபடாது. கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடிகள் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட மிக நீளமானது தரையில் மடங்கி விழும். தினம் சில நிமிடங்கள், நடுநடுவே ஓய்வு என்பது வாரத்துக்கு ஒருநாள் நெடுநேரம் பழகுவதைவிட நல்லது. ஒரு சுற்றுக்கு இரண்டு சின்னக் குதிப்புகள் போடும் குழந்தையை அவசரமாகத் திருத்த வேண்டாம். இடையில் வரும் அந்தக் குதிப்பு தாளத்தைத் தக்கவைக்க அது தானே கண்டுகொண்ட வழி, வேகம் கூடும்போது பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.