வேட்கைக் காலமா, சினைப்பருவமா?

அருகிவரும் காண்டாமிருகங்களின் இனப்பெருக்கம் பற்றிய தமிழ்ச் செய்திகளில், "பெண் விலங்கு சினைப்பருவத்தை அடைந்தது" என்ற தொடர் அடிக்கடி வருகிறது. கருதப்படுவது, பெண் ஆணை ஏற்கும் குறுகிய காலம்; அதை வேட்கைக் காலம் என்பதே பொருத்தம். அதற்குரிய ஈஸ்ட்ரஸ் என்ற ஆங்கிலச் சொல், மாட்டைக் கடித்து வெறிகொள்ளச் செய்யும் ஈயைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

சினைப்பருவம் தமிழ்நாட்டுக் கால்நடை நூல்களில் நிலைத்துவிட்டது; ஆயினும் அதை ஏற்க முடியவில்லை. திருகோணமலை மீன் சந்தையில் சினை என்றால் மீன் வயிற்றிலுள்ள முட்டை; தம்பலகாமத்துப் பட்டிகளில் சினைமாடு என்றால் கன்றைச் சுமக்கும் மாடு. இரண்டிலும் சினை என்பது உண்டாகிவிட்டதைச் சொல்கிறது, உண்டாவதற்கான ஆயத்தத்தை அல்ல. ஆகவே சினைப்பருவத்துக் காண்டாமிருகம் என்று வாசிப்பவர், அது கன்று ஈனப்போகிறது என்றே விளங்கிக்கொள்வார். இவ்விரு நிலைகளையும் பிரித்தறிவதுதானே கண்காணிப்பின் முதல் வேலை? வேட்கையின்போது புரோஜெஸ்தரோன் என்ற ஹார்மோன் குறைந்திருக்கும், கரு தங்கியபின் உயர்ந்து நிற்கும். அதன் சிதைபொருள்களைச் சாணத்திலேயே அளக்கிறார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் எமி என்ற சுமாத்திராக் காண்டாமிருகத்துக்குக் கரு பல தடவை தங்கியும் நிலைக்கவில்லை. இந்த இனத்தில் இணைசேர்தலே முட்டை வெளியேறத் தூண்டுகிறது என்பதை அல்ட்ராசவுண்ட் மூலம் அறிந்த ஆய்வாளர்கள், ஆணை விடவேண்டிய நாளைக் கணித்தார்கள். பின்னர் கரு கலையாதிருக்கப் புரோஜெஸ்தரோனும் கொடுத்தார்கள். 2001 செப்டெம்பர் 13 அன்று அண்டலாஸ் என்ற கன்று பிறந்தது. மனிதர் பராமரிப்பில் அந்த இனம் ஈன்று 112 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆணை விட்ட நாளையும் கருவைக் காத்த மாதங்களையும் ஒரே சினையால் எழுதினால், அந்த உழைப்பு வாசகருக்கு எப்படிப் புரியும்?

வேட்கை மீண்டும் மீண்டும் வருவதை மாதவிடாய்ச் சுழற்சி என்று எழுதுவது அப்பட்டமான பிழை. காண்டாமிருகத்துக்கு மாதவிடாய் இல்லை.

வேள் என்ற வினையடியில் பிறந்த வேட்கை, நமது இலங்கை விவசாயப் பாடநூல்களில் பழகிய சொல். நீர்வேட்கையோடு குழம்பும் என்பார்கள். காலம் என்று சேர்த்தால் குழப்பம் இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ட சொல்லோடு நின்றுவிடாமல், மாடு வளர்ப்பவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டியிருந்தால் இந்தத் தடுமாற்றம் அன்றே தெரிந்திருக்கும். ஆணை ஏற்கும் நாட்கள் வேட்கைக் காலம், அது மீண்டும் மீண்டும் வருவது வேட்கை வட்டம், கரு தங்குவது சினைப்படல், அதன்பின் வரும் பதினைந்து, பதினாறு மாதங்கள் சினைக்காலம் என்று எழுதலாம்.