ஐக்யூ எவ்வளவு என்று கேட்பதற்கு முன்

தேர்வு முடிவுகள் வரும் மாதங்களில் சென்னையில் என்னைப் போன்ற உளவியலாளர்களைத் தேடி வரும் பெற்றோர் அதிகம். "மேடம், இவனுக்கு ஐக்யூ எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அது எனக்கு வலிக்கும்.

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் அறிவுச் சோதனையை உருவாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியத்தான். பிள்ளைகளுக்கு முத்திரை குத்த அல்ல. இன்று ஐக்யூ பார்க்கப் பயன்படும் வெக்ஸ்லர் சோதனையில் சொல்லறிவு, காரண அறிவு, வேகம் எல்லாவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. மொத்தத்தில் சராசரியான 100ஐ வாங்கிய இரண்டு பிள்ளைகளுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கலாம்.

அந்தச் சோதனையில் நான் அதிகம் கவனிப்பது ஒர்க்கிங் மெமரியை. 48ஐயும் 37ஐயும் மனக்கணக்காகக் கூட்டிப் பாருங்கள். இரண்டு எண்களையும் பிடித்து வைக்க வேண்டும். 8ம் 7ம் 15, மீதி 1 என்பதையும் மறக்கக் கூடாது. இப்படி ஒரே நேரத்தில் பிடித்துவைத்து வேலை செய்யும் இடம்தான் அது, மிகச் சிறியது. பெரியவர்களுக்கே சுமார் நான்கு விஷயங்கள்தான் தங்கும் என்கிறார் அமெரிக்க உளவியலாளர் நெல்சன் கோவன். பத்து இலக்க மொபைல் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறோமே, அது இந்தச் சிக்கலுக்கு நாமே கண்ட வழி.

இந்த இடம் குறைவாக உள்ள பிள்ளைக்குப் பாடம் புரியும். ஆனால் "புக்கை எடு, 42ஆம் பக்கம், மூன்றாவது கணக்கைப் போடு" என்றால் பாதியில் நின்றுவிடும். உடனே 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். பயமும் அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறது. திட்டித் திட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், கணக்குப் போட மிச்சம் இருக்கும் இடமும் போய்விடும்.

அப்புறம், மனப்பாடமே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாய்ப்பாடு நாக்கு நுனியில் இருந்தால், மனம் கணக்கின் கடினமான பகுதியைக் கவனிக்கும். ஆனால் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது பலமாகப் பதியும்.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், மற்றதைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். சோதனைக்கு அழைத்து வருமுன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்க விடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் மொத்த எண்ணோடு நிறுத்தாமல், எந்தப் பகுதியில் உதவி தேவை என்று கேளுங்கள். முடிந்தால் பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டு.