மாட்டுக்குப் போட்ட ஊசி

மடி வீங்கிக் காய்ச்சலில் படுத்துவிட்ட மாட்டுக்கு மாட்டு டாக்டர் வலி ஊசி ஒன்று போடுகிறார். மாடு மறுநாள் எழுந்து தீனி எடுத்தால் நல்லது. எழாமல் போவதும் உண்டு. 1990களின் வட இந்தியக் கிராமங்களில் அப்படிச் செத்த மாட்டைத் தோலுரித்து ஊர் எல்லையில் போட்டுவிடுவார்கள். மிச்ச வேலை பறவைகளுடையது. நூறு பாறுகள் கூடினால் ஒரு மாடு எலும்புக்கூடாவதற்கு ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை.

பாறு என்றால் பலருக்குப் புரியாது. பிணந்தின்னிக் கழுகு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சிலர் வல்லூறு என்றும் எழுதுகிறார்கள். அது உயிருள்ள இரையைப் பாய்ந்து பிடிக்கிற வேறு பறவை. பாறு, எருவை என்ற பெயர்கள் சங்கப் பாடல்களிலேயே இருக்கின்றன. திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சிவேளையில் வந்து அர்ச்சகர் கையால் சோறு தின்றுவிட்டுப் போனவையும் மஞ்சள்முகப் பாறுகள்தான். அவையும் வருவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

1990களின் பிற்பாதியில், ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் கழுத்தைத் தொங்கப்போட்டு மரத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதையும் பிறகு செத்து விழுவதையும் பறவையியலாளர் விபு பிரகாஷ் கவனித்தார். நாடு முழுக்க அதே கதை. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது. இத்தனைக்கும் அதை யாரும் வேட்டையாடவில்லை, தீனிக்கும் பஞ்சமில்லை.

ஏதோ வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாகிஸ்தான் பஞ்சாபில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் குழு செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றின் ஈரல் மீதும் இதயத்தின் உறை மீதும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளைப் படிவு இருந்தது.

அந்த வெள்ளை நமக்குத் தெரிந்ததுதான். உடம்பில் சேரும் நைட்ரஜன் கழிவை நாம் யூரியாவாக மாற்றித் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைகள் யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. வண்டிக் கண்ணாடியில் காக்கை போட்டுவிட்டுப் போகும் எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதுதான். சிறுநீரகம் செத்துவிட்டால் அந்த வெள்ளை வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி உறுப்புகளின் மேல் படிகமாகிவிடும்.

ஆக, சிறுநீரகத்தைக் கொன்றது எது? கிருமிகள், பூச்சிக்கொல்லிகள், உலோகங்கள் என எல்லாவற்றையும் சோதித்தார்கள், எதுவும் பொருந்தவில்லை. பிறகுதான் கேள்வியை மாற்றினார்கள். பாறு தின்பது மாட்டை, மாட்டுக்குள் என்ன போகிறது? கால்நடை மருந்து விற்பவர்களிடம் விசாரித்ததில் சிக்கியது டைக்ளோஃபினாக். முதுகுவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் வோவெரான் மாத்திரையில் இருக்கும் அதே மருந்து. வெள்ளைப் படிவோடு செத்த 25 பாறுகளில் 25லும் அது இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. இவ்வளவு துப்புரவான விடை உயிரியலில் அபூர்வம். 2004இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது.

பாறின் வயிற்று அமிலம் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் தாங்கும் அளவுக்குக் காரமானது. ஆனால் அது கிருமியைத்தான் கொல்லும், மருந்தை அல்ல. கோழியின் உடம்பு டைக்ளோஃபினாக்கைச் சீக்கிரம் வெளியேற்றிவிடுகிறது. பாறின் உடம்பில் அது பல மணி நேரம் தங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும்.

எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டார்கள் என்று கேட்கலாம். இல்லை. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இருநூறு பிணங்களில் ஒன்றில் மட்டும் விஷம் என்று வைத்துக்கொள்வோம். பாறு மூன்று நாளுக்கு ஒருமுறை வயிறு நிறையத் தின்னும். ஆண்டுக்குச் சுமார் 120 வேளை. ஒவ்வொரு வேளையிலும் தப்பிக்க 99.5 சதவீத வாய்ப்பு. 120 தடவையும் தப்பிக்கும் வாய்ப்பு? 55 சதவீதம்தான். அதாவது ஓராண்டில் கிட்டத்தட்டப் பாதிப் பறவைகள் காலி. அந்த ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்துகொண்டிருந்ததோடு இது அப்படியே ஒத்துப்போகிறது.

இன்னொன்றும் உண்டு. ஊசி போட்ட மாட்டின் உடம்பிலிருந்து மருந்து மூன்று நாளில் பெரும்பாலும் போய்விடும். பிழைத்த மாட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் சாகக் கிடக்கிற மாட்டுக்குத்தானே கடைசியாக ஊசி போடுவோம்? மருந்தோடு சாகும் மாடுதான் பந்திக்கு வருகிறது. அந்த ஒரு பந்தியில் நூறு பேர். எனக்கு இதில் வில்லன் யாரும் தெரியவில்லை. ஊசி போட்டது மாட்டின் மேல் இரக்கப்பட்டுத்தான். மருந்து மாட்டுக்கு ஒத்துக்கொள்ளுமா, பாலில் கலக்குமா என்று பார்த்தார்கள். மாட்டைத் தின்கிறவனுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என யாருக்கும் தோன்றவில்லை.

பாறு போன இடத்துக்கு நாய்கள் வந்தன. நாயின் வயிறு பாறின் வயிறு அல்ல. எல்லாவற்றையும் சுத்தமாக முடிப்பதும் இல்லை, வெறிநோயையும் சேர்த்துக்கொண்டு வரும். மிச்சம் அழுகி நீர்நிலையில் கலக்கும். முன்பு பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் இரண்டு பொருளியலாளர்கள் ஒப்பிட்டு 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரை கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்பது அவர்கள் கணக்கு. மும்பையில் பார்சிகள் இறந்தவர் உடலைப் பறவைகளுக்கு விடும் அமைதிக் கோபுரங்களில் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை வைக்கவேண்டி வந்தது.

2006இல் இந்தியா கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மாற்று மருந்து மெலாக்ஸிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்பதும் அதே ஆண்டு உறுதியானது. ஆனால் மனிதர்களுக்கென விற்ற 30 மில்லி பாட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் போய்க்கொண்டே இருந்தது. மனிதனுக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்காம்? அதைக் கண்டுகொண்டு 3 மில்லிக்கு மேல் கூடாது என்று சொல்ல 2015 ஆயிற்று. இதைவிட வேடிக்கை, மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபினாக் 2023 வரை தாராளமாகக் கிடைத்தது. பாறுகளைக் கொல்லும் இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபெனுக்கும் அந்த ஆண்டுதான் தடை வந்தது.

தென்னிந்தியாவில் பாறுகள் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நீலகிரி மலையடிவாரத்தில், மாயாறு ஓடும் பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டிய கர்நாடக, கேரளக் காடுகளிலும். ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. மூன்று மாநிலங்களும் சேர்ந்து 2023 டிசம்பர் கடைசியில் எண்ணியபோது தென்பட்டவை 320. ஆண்டுக்கு ஒரே முட்டை. குஞ்சு பொரித்துப் பறந்தாலும் அது ஜோடி சேர நாலைந்து வருடம் ஆகும்.

மருந்து முழுதாக ஒழிந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பாறுகள் பிணத்தை மோப்பத்தால் கண்டுபிடிப்பதில்லை, கண்ணால்தான். வெயில் ஏறி வெப்பக்காற்று எழும்பியதும் உயரே போய் ஆளுக்கொரு பக்கம் வட்டமிடும். கீழே பார்ப்பதைவிடப் பக்கத்துப் பறவையைப் பார்ப்பதுதான் முக்கியம். ஒன்று சரிந்து இறங்கினால் அடுத்தது திரும்பும், அதைப் பார்த்து அதற்கடுத்தது. இப்படித்தான் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவைக்கும் பந்தி போட்ட சேதி போய்ச் சேரும். வானத்தில் ஆள் குறையக் குறைய இந்தச் சங்கிலியில் கண்ணிகள் விட்டுப்போகின்றன. புலி தின்றுபோட்ட மான் மாயாற்றுப் பக்கத்துச் சீகூர்ப் புதரில் கிடக்கும். மேலே ஒரே ஒரு பாறு சுற்றும். அது இறங்குவதைப் பார்க்க அடுத்த பாறு இருக்காது.