நாய்க்குக் கட்டியா? அறுக்கும் முன் ஓர் ஊசி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கட்டியோடு வரும் நாய்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் கிளினிக்குக்கு வருகின்றன. "வலி இல்லையே டாக்டர், நல்லாத்தானே சாப்பிடுது" என்பார்கள். வலி இல்லாததை வைத்து எதையும் சொல்ல முடியாது. தொட்டுப் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது; கொழுப்புக் கட்டி மாதிரியே மெத்தென்று இருக்கும் மாஸ்ட் செல் புற்று என்ற தோல் புற்றும் உண்டு.

பரிசோதனை என்றதும் மயக்க மருந்து, தையல் என்று பயப்பட வேண்டாம். தடுப்பூசிக்குப் போடும் அதே மெல்லிய ஊசிதான். கட்டிக்குள் செலுத்தி, சில முறை முன்னும் பின்னும் அசைத்து, உள்ளே ஏறிய துளியைச் சிலைடில் பரப்பி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். வீட்டார் தலையைத் தடவிக்கொண்டிருந்தாலே பல நாய்கள் அசையாமல் நிற்கும். கொழுப்புக் கட்டி என்றால் சிலைடு எண்ணெய்ப் பசையோடு மினுக்கும், காயவே காயாது. மாஸ்ட் செல் என்றால் செல்லுக்குள் ஊதாத் துகள்கள் நிறைந்திருக்கும்.

அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாய்களிடம் நான் முக்கியமாகத் தேடுவது இனச்சேர்க்கையில் தொற்றும் பால்வினைக் கட்டியை. இதில் புற்றுச் செல்லே ஒரு நாயிடமிருந்து இன்னொன்றில் ஒட்டி வளர்கிறது. பெட்டை நாய்க்கு ரத்தம் சொட்டினால் பருவம் என்று விட்டுவிடுகிறார்கள். பருவத்து ரத்தம் சில வாரங்களில் நின்றுவிடும். நிற்காமல் சொட்டினால், பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போல் சிவந்த சதை தெரிந்தால், உடனே கொண்டுவாருங்கள். சிலைடை அந்தச் சதையில் ஒற்றி எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்தைக் கொடுத்தால் அநேக நாய்கள் முழுசாகக் குணமாகின்றன. இதைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு மனம் பொறுக்காதது.

ஊசி குத்தினால் புற்று பரவுமா? தோல் கட்டிகளில் அது மிக அரிது. சிறுநீர்ப்பைப் புற்றில் அந்த ஆபத்து உண்மை என்பதால் அங்கே குத்துவதைத் தவிர்க்கிறோம். அதற்குப் பதிலாக, அந்தப் புற்றில் காணப்படும் பிராஃப் (BRAF) என்ற மரபணுவின் மாற்றத்தைச் சிறுநீரிலேயே தேடும் பரிசோதனை இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஊசி பதில் சொல்லாது. சில சமயம் வெறும் ரத்தம்தான் வரும். மடிக்கட்டி (முலைக் கட்டி) நல்லதா கெட்டதா என்பதை ஊசியை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. அறுத்தெடுத்துப் பயாப்சி என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

தயவுசெய்து கட்டியைப் பிதுக்காதீர்கள், சுண்ணாம்பு தடவாதீர்கள். மாஸ்ட் செல் கட்டியை நசுக்கினால் வீக்கம் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியாகிச் சுற்றிலும் வீங்கிச் சிவக்கும். நாயைக் குளிப்பாட்டும்போது தாடைக்குக் கீழ், தோளுக்கு முன், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால், மடி என்று தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் பக்கத்தில் 20 சென் காசை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். 1 சென்டிமீட்டர் அளவு இருந்தாலோ, 1 மாதமாகியும் மறையாவிட்டாலோ, வேகமாக வளர்ந்தாலோ கிளினிக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.