வேண்டுமென்றே சிறியதா, ஆள் வராமல் சிறியதா? பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்து எடைபோடும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு), எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகளுக்கு, அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கான யூபியூ விண்ணப்பம் பழகிய விஷயம். தனியார் என்றால் பெரிய பெயர்கள் நான்கைந்து தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு வகையும் உண்டு: குறைந்த இடங்களை வைத்துக்கொண்டு, நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சிறிய பல்கலைக்கழகங்கள். ஜொகூர் எடுசிட்டியில் இருக்கும் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கிளை அப்படிப்பட்டது. முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் வாயே திறக்காத பிள்ளை, இருபது பேர் வகுப்பில் நன்றாக மலர்வதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

ஆனால் ஒரு பல்கலைக்கழகம் இரண்டு காரணங்களால் சிறியதாக இருக்கலாம். தரத்துக்காக இடங்களைக் குறைத்து வைத்திருக்கலாம். அல்லது சேர ஆளே வராமல் சுருங்கிப் போயிருக்கலாம். கையேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 'தனிப்பட்ட கவனம்', 'சிறிய வகுப்புகள்' என்ற அதே வரிகள்தான் இரண்டிலும் இருக்கும். நேரில் போய்ப் பார்ப்பதே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

புறப்படும் முன் வீட்டிலிருந்தே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அரசு அமைப்பான எம்கியூஏவின் இணையப் பட்டியல்களில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு, சேர நினைக்கும் பட்டப்படிப்பைத் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் படிப்பு, அந்த வளாகத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஒரு வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் இன்னொரு வளாகத்துக்குத் தானாகப் பொருந்தாது. படிப்பின் எண்ணில் எஃப்ஏ என்று இருந்தால் முழு அங்கீகாரம். பிஏ என்று இருந்தால் தற்காலிக அங்கீகாரம்: மாணவர்களைச் சேர்க்க அனுமதி கிடைத்திருக்கிறது, முதலில் சேர்ந்த மாணவர் அணி இறுதியாண்டை எட்டும்போதுதான் முழு மதிப்பீடு நடக்கும். எஸ்டபிள்யூஏ என்றால் தன் படிப்புகளுக்குத் தானே அங்கீகாரம் வழங்கும் தகுதி பெற்ற பல்கலைக்கழகம். பிஏ என்று பார்த்ததும் ஓட வேண்டியதில்லை, புதிய படிப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. முதல் அணி இப்போது எந்த ஆண்டில் இருக்கிறது, அதில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் காணாமல் போயிருந்தால் காரணம் சொல்லச் சொல்லுங்கள்.

தொழில் உரிமம் தேவைப்படும் படிப்புகளுக்கு எம்கியூஏ மட்டும் போதாது. மருத்துவத்துக்கு மலேசிய மருத்துவ மன்றம், பொறியியலுக்கு இஏசி என்ற பொறியியல் அங்கீகார மன்றம், மருந்தாளர் படிப்புக்கு மருந்தக வாரியம் என்று தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. சட்டத்தில் சில பட்டங்களை வைத்து நேராகத் தொழிலுக்குப் போகலாம், சிலவற்றுக்குப் பிறகு சிஎல்பி என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும். இதைச் சேர்க்கைப் பிரிவின் வாய்வார்த்தையில் விட்டுவிடாமல், சம்பந்தப்பட்ட வாரியத்தின் பட்டியலை நீங்களே பாருங்கள்.

எப்போது போவது? திறந்த நாளன்று போனால் பலூனும் பரிசுப் பையும்தான் பார்க்கக் கிடைக்கும். பாடம் நடக்கும் பதினான்கு வாரங்களில், ஐந்தாவது வாரத்துக்கும் பத்தாவது வாரத்துக்கும் இடைப்பட்ட ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். விடுமுறையில் எல்லா வளாகமும் காலியாகத்தான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அப்பா அம்மா இருவருக்கும் லீவு கிடைக்காமல் திறந்த நாளன்றுதான் போக முடிகிறது என்றால், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கூடாரங்களை விட்டு விலகி வகுப்புக் கட்டடங்கள் பக்கம் நடந்து பாருங்கள்.

போவதற்குப் பத்து நாள் முன்பே, சேர்க்கைப் பிரிவுக்கு அனுப்பாமல், நேராகத் துறைத்தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, முதலாண்டு வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிள்ளையே தன் பெயரில் எழுதட்டும். உண்மையிலேயே மாணவரைத் தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் சரி என்று சொல்லும், அந்தப் பெயரை நினைவிலும் வைத்துக்கொள்ளும். பதிலே வராவிட்டால், சேர்ந்த பிறகும் மின்னஞ்சலுக்குப் பதில் வராது என்று எதிர்பார்க்கலாம். வகுப்பில் உட்கார்ந்ததும் தலைகளை எண்ணுங்கள். பதிவு செய்தவர்கள் எத்தனை, வந்திருப்பவர்கள் எத்தனை? விரிவுரையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? யாராவது கை தூக்கிக் கேள்வி கேட்கிறார்களா? பதினைந்து பேர் இருந்தும் ஒரு மணி நேரம் ஸ்லைடை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறார் என்றால், அந்தச் சின்ன வகுப்பால் பிள்ளைக்கு ஒரு லாபமும் இல்லை.

ஆசிரியர் – மாணவர் விகிதம் கேட்கும்போது ஏமாற வாய்ப்பு அதிகம். பல்கலைக்கழகம் முழுவதற்குமான எண்ணைச் சொல்வார்கள். மருத்துவத் துறையில் விரிவுரையாளர்கள் நிறைய இருப்பார்கள், அதனால் மொத்தக் கணக்கு அழகாக வரும். உங்கள் படிப்புக்கான கணக்கைக் கேளுங்கள். ஆண்டுக்கு 40 பேர் சேரும் நான்காண்டுப் பொறியியல் படிப்பில் 160 மாணவர்கள். முழுநேர விரிவுரையாளர்கள் 8 பேர் என்றால் 1:20. இஏசி எதிர்பார்ப்பது இதற்குக் குறையாத நிலையைத்தான். 'எட்டுப் பேர்' என்பதில் பகுதிநேரமாக வருபவர்களும் சேர்த்தியா என்று கேட்க மறக்காதீர்கள். சிறிய துறையில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனாலே இறுதியாண்டுத் திட்டத்தை வழிநடத்த ஆள் இல்லாமல் போகும்.

விருப்பப் பாடங்களும் அப்படித்தான். கையேட்டில் பன்னிரண்டு இருக்கும். ஆனால் குறைந்தது இத்தனை பேர் சேர்ந்தால்தான் திறப்போம் என்ற விதி பல இடங்களில் உண்டு. கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் திறக்கப்பட்டவை எவை என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்குங்கள்.

ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச நேரம் செலவிடலாம். வழிகாட்டி இயந்திரத்தின் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். துல்லியம் சரிபார்த்த தேதி எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தேதி காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அந்த இயந்திரத்தை யாரும் கவனிப்பதில்லை. பக்கத்தில் பயன்பாட்டுப் பதிவேடு இருந்தால் கடைசியாக யார், எப்போது தொட்டார்கள் என்று பாருங்கள். வேதியியல் கூடத்தில் நச்சுப்புகையை இழுக்கும் அலமாரிக்குள் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தால் அங்கே பரிசோதனை நடப்பது அபூர்வம் என்று அர்த்தம். கண் கழுவும் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்த செந்நீர் வந்தால் பல மாதமாக அதை யாரும் சோதிக்கவில்லை. முப்பது பேருக்கு நான்கு கருவி என்றால் ஒரு கருவியைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் செய்வார்கள், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். பெரும்பாலும் எழுதிக்கொள்பவர் நம் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும், அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

சுற்றிக் காட்டும் மாணவத் தூதர்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் நல்லதைச் சொல்லப் பழக்கப்பட்டவர்கள். உணவகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பேசுங்கள். 'இங்கே எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'ஓகேதான்' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: 'அண்ணே, லேப் ரிப்போர்ட் கொடுத்தா எத்தனை நாள்ல திருத்தி வரும்? போன வருஷம் எத்தனை லெக்சரர் போயிட்டாங்க? நீங்க கேட்ட எந்தப் பாடம் திறக்கல?' தங்கும் விடுதி முதலாண்டுக்கு மட்டுமா, மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இரவில் என்ன கிடைக்கும், தீபாவளியை ஒட்டித் தேர்வு வந்திருக்கிறதா என்பதையும் அவர்களிடமே கேட்கலாம்.

தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகமா என்பதற்கு எளிய சோதனை இருக்கிறது. எஸ்பிஎம் ரிசல்ட் ஸ்லிப்பைக் காட்டிய அரை மணி நேரத்தில் சேர்க்கைக் கடிதம் அச்சாகி வந்து, 'இன்றே கட்டினால் தள்ளுபடி' என்றும் சொன்னால், அங்கே தேர்ந்தெடுப்பு எதுவும் நடக்கவில்லை. உண்மையில் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இடங்களின் எண்ணிக்கை, கடைசித் தேதி, முடிவு தெரியும் தேதி மூன்றும் இருக்கும். 'போன முறை எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தீர்கள்?' என்ற கேள்விக்கு அங்கே நேரடியாகப் பதில் வரும். கோயில் மண்டபத்துக் கல்விக் கண்காட்சியில் பேசும் முகவர்களுக்கு, சேர்க்கும் ஒவ்வொரு மாணவருக்கும் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் கிடைப்பது வழக்கம். அவர்களிடம் தகவல் வாங்கிக்கொள்ளுங்கள், முடிவை அவர்களிடம் விடாதீர்கள்.

நேர்காணல் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெரியவர்கள் முன்னால் எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளை, பேராசிரியர் முன்னால் மாற்றுக் கருத்து கேட்கப்பட்டதும் மௌனமாகிவிடும். அதை அவர்கள் தெரியாமை என்று எழுதிவிடுவார்கள். எஸ்பிஎம் பாடத்திலிருந்து ஒரு தலைப்பை எடுத்து மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் வாய்விட்டு விளக்கும் பயிற்சியைத் தினமும் இரண்டு வாரம் செய்யச் சொல்லுங்கள். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொல்லக் கூடாது.

கட்டணத்தில், கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். பதிவு, தேர்வு, ஆய்வுக்கூட வசதி, விடுதி, முன்வைப்பு (டெபாசிட்), காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை, தோற்ற பாடத்தைத் திரும்ப எடுக்கும் கட்டணம், ஆண்டுதோறும் உயர்வு உண்டா என்ற விவரம் எல்லாவற்றையும் முழுப் படிப்புக்காலத்துக்கும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். தனியார் கட்டணம் முழுவதையும் அது பெரும்பாலும் ஈடுகட்டாது. முதல் பணம் கைக்கு வருவதற்குள் செமஸ்டர் கட்டணத்துக்குக் கெடு வந்துவிடும், எனவே அதுவரை பல்கலைக்கழகம் பொறுத்திருக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பின் ஒரு பிரிவான அக்காவுன் செஜாத்ராவிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் அது தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த முதுமைக்காலப் பணம், கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். உபகாரச் சம்பளம் என்றால், எந்த சிஜிபிஏவுக்கு (ஒட்டுமொத்த மதிப்பெண் சராசரிக்கு) கீழே போனால் நின்றுவிடும், நின்றால் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கேட்டு அந்தத் தொகையையும் அதே தாளில் எழுதுங்கள்.

தனியார் பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷனில் (பட்டப்படிப்புக்கு முந்தைய ஆயத்தப் படிப்பில்) சேருவதாக இருந்தால், வேறெந்தப் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கும் என்று முதலிலேயே விசாரியுங்கள். ஓராண்டு கழித்து மனம் மாறினால் எஸ்டிபிஎம் சான்றிதழ் திறக்கும் அளவுக்கு அது கதவுகளைத் திறக்காது.

யூபியூ முடிவு வரும் முன் பணம் கட்டச் சொன்னால், அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்ற விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். முகப்பை விட்டு நகரும் முன் ரசீதைப் பாருங்கள்: 'பதிவுக் கட்டணம்' என்று அச்சாகியிருந்தால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது. 'முன்வைப்பு' என்று சொல்லி வாங்கியிருந்தால், ரசீதிலும் அதே சொல் இருக்கும்படி மாற்றி வாங்கிக்கொண்டு வாருங்கள்.