வீடியோவில் கேட்ட உறுமல் உங்கள் வண்டியில் வராது

பிக்கப் டிரக்கோடு வருகிறவர் இறங்கியதும் முதலில் போனைத்தான் நீட்டுவார். "அண்ணே, இதே சவுண்ட் வேணும்." திரையில் பெரிய வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும், வாசலில் நிற்பது நான்கு சிலிண்டர் வண்டி. போன வாரம் வந்தவர் இதற்கும் ஒரு படி மேலே. சைலன்சரை ஆன்லைனில் வாங்கி, வேறோர் இடத்தில் வெல்டும் அடித்துவிட்டார். இப்போது நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டினால் தலை விண்விண் என்கிறதாம், பின்சீட்டில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுகிறதாம். வண்டியோடு வந்த சைலன்சர் எங்கே என்றேன். பழைய இரும்புக்குப் போட்டாயிற்றாம். திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றேன். இனி வருகிறவர்களாவது இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

சத்தத்தை உண்டாக்குவது இன்ஜின். சைலன்சருக்குத் தெரிந்த வேலை கழிப்பது ஒன்றுதான். எந்த அலையை எவ்வளவு கழிக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். உள்ளே பாடுகிறவரின் குரலை வாசற்கதவு மாற்றிவிடுமா? இதை எத்தனை முறை சொன்னாலும், "இல்லண்ணே, அந்த பிராண்டு மாட்டினா வரும்" என்று மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். வராது. ஏன் வராது என்று சொல்கிறேன்.

வழக்கமான வி8 டிரக் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டின் முழங்கைகள் 90 பாகை இடைவெளியில் இருக்கும். எட்டு சிலிண்டரையும் சேர்த்துப் பார்த்தால் 90 பாகைக்கு ஒரு வெடிப்பு, கச்சிதமான சீர். ஆனால் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் கவனித்தால் வெடிப்புகளுக்கு நடுவே 90, 180, 270, 180 பாகை என்று இடைவெளி ஏறி இறங்கும். இரண்டு பக்கப் புகையும் தனித்தனிக் குழாயில் வரும்போது அந்த ஒழுங்கின்மைதான் ‘குடுகுடு’ உறுமலாகக் காதில் விழுகிறது. உங்கள் வரிசை நான்கு சிலிண்டரில் 180 பாகைக்கு ஒன்று, தாளம் பிசகாமல் வெடிக்கிறது. அதில் இல்லாத உறுமலை எந்தத் தகர டப்பா கொண்டுவரும்? அதில் திறந்த சைலன்சரை மாட்டினால் அதே சீரான சத்தம் பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

டர்போ டீசல்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எக்ஸாஸ்ட் துடிப்பின் பெரும்பகுதியை, டர்போவுக்குள் புகையால் சுழலும் டர்பைன் சக்கரமே விழுங்கிவிடுகிறது. புதிய வண்டிகளில் புகைக்கரி வடிகட்டியும் மிச்சத்தை அடக்குகிறது. அதற்குப் பின்னால் சைலன்சரை மாற்றினால் சிலசமயம் மாற்றியதே தெரியாது. உடனே அடுத்த யோசனை: "அப்போ ஃபில்ட்டரை எடுத்துடலாமா?" எடுக்கக் கூடாது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் தொடக் கூடாது. பல நாடுகளில் அது குற்றம் என்பது ஒருபுறம். அந்தக் கரியை மூச்சில் இழுக்கப் போவது உங்கள் வண்டிக்குப் பின்னால் வருகிறவர்.

சைலன்சர் வகைகளுக்கு வருவோம். உள்ளே தடுப்புத் தகடு வைத்த சேம்பர் வகை, ஒலி அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்கும். கரகரப்பான, அடித்தொண்டைச் சத்தம். நேர்க்குழாய் வகையில் துளையிட்ட குழாயைச் சுற்றி கண்ணாடி இழையோ உலோகப் பஞ்சோ அடைத்திருக்கும். உச்ச ஒலிகளை அது உறிஞ்சும், தாழ்ந்தவற்றைத் தாராளமாக வெளியே விட்டுவிடும். எஸ் வடிவில் புகையைத் திருப்பிவிடும் வகை இரண்டுக்கும் நடுவே. எந்த வகையானாலும் நீளமும் கொள்ளளவும் கூடக் கூட சத்தம் குறையும். கடையில் "சின்னதா, அழகா" என்று பொறுக்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

"இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்" என்று ஒருவர் சொல்வார், "பெரிய பைப் போட்டா பவர் கூடும்" என்று இன்னொருவர். பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகைக்கு வரும் எதிர் அழுத்தம்; எந்த இன்ஜினும் அதை எதிர்த்துத் தன் புகையைத் தள்ள விரும்பாது. ஆனால் குழாய் அளவுக்கு மீறி அகன்றால் புகையின் வேகம் விழும், தாழ்ந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) இழுவை மந்தமாகலாம். சுமை ஏற்றுகிற வண்டிக்கு அந்த இழுவைதான் முக்கியம். சத்தம் கூடினால் வண்டி வேகமாகப் போவதுபோல் தோன்றும். தோற்றம்தான்.

இப்போது அந்தத் தலைவலி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். 1800 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போகும் வி8-ல் அது நொடிக்கு 120 துடிப்பு, வி6-ல் 90, நான்கு சிலிண்டரில் 60. நீங்கள் மணிக்கணக்கில் ஓட்டுகிற வேகத்தில் வருகிற இந்தத் தாழ்ந்த ஒலி கேபினின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் முடிந்தது கதை. ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் காதில் கேட்பதைவிட மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும். எரிபொருளை மிச்சப்படுத்தப் பாதி சிலிண்டர்களைத் தானாக நிறுத்திக்கொள்ளும் வி8-களில் இது இன்னும் மோசம்: எட்டு நான்காகும் அந்த நொடியில் துடிப்பும் பாதியாகிவிடும். வண்டி தயாரித்தவர்கள் அவ்வளவு பெரிய சைலன்சரை வைத்தது முட்டாள்தனத்தால் அல்ல.

வீடியோவில் இது எதுவும் தெரியாது. நிறுத்திய வண்டியைப் பின்னால் நின்று எடுத்திருப்பார்கள், ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதிப்பார்கள். போன் மைக் சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்கிக்கொள்ளும். போனின் குட்டி ஸ்பீக்கருக்கு 60, 90 துடிப்பு ஒலியை வெளியே தரும் சக்தியே கிடையாது. உங்களை வாட்டப் போகிற ஒலி எதுவோ, அதுதான் அந்த வீடியோவில் இல்லாமல் போகிறது. உங்கள் மாடலே, உங்கள் இன்ஜினே, அதே கேபின் அளவு உள்ள வண்டியில் அந்த சைலன்சரை மாட்டியிருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில் உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் ஒரு ஏற்றத்திலும், சுமையோடும். "10 டெசிபெல்தானே கூடும்" என்று விற்கிறவர் சொன்னால் தலையாட்டாதீர்கள்; 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம்.

ஏற்கெனவே மாட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி உண்டு. குறிப்பிட்ட ஒலியை மட்டும் அடக்கும் ரெசனேட்டர் என்ற டப்பாவைச் சேர்க்கலாம், அல்லது முனை அடைத்த பக்கக் குழாய் ஒன்றைத் தொல்லை தரும் துடிப்புக்கு ஏற்ற நீளத்தில் வைக்கலாம். 120 துடிப்புக்கு அது ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் வரும். அடியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள்.

சத்தம் பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். அடுத்து சொல்வது அப்படியல்ல, தயவுசெய்து கேளுங்கள். சத்தம் வேண்டும் என்று குழாயைக் கேபினுக்கு அடியிலேயே வெட்டிவிடுகிறார்கள். எக்ஸாஸ்ட்டில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டியில் அபாயம் கூடுதல். தரைத்தகட்டில் ஒரு ரப்பர் மூடி கழன்றிருந்தாலோ, பின் கண்ணாடி திறந்திருந்தாலோ உள்ளே வந்துவிடும். பின்பக்கம் கூண்டு போட்டு அதில் ஆட்களை ஏற்றுகிறவர்கள் இன்னும் கவனம். குழாயின் முனை உடலைத் தாண்டி வெளியே வரட்டும். பயணத்தில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலியும் குமட்டலும் வந்தால் மாத்திரை தேடாதீர்கள்; வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் வெளியே வாருங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். குழாய் ரப்பர் ஹேங்கரில்தான் தொங்க வேண்டும். சேஸிஸோடு சேர்த்து வெல்ட் அடித்தால் அதிர்வு முழுக்க கேபினுக்கு வரும், இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டு பக்கம் விரிசல் விடும். பிரேக் குழாய், வயர், அடியில் தொங்கும் ஸ்டெப்னி எதற்கும் மிக அருகில் போகக் கூடாது. முடிந்ததும் இன்ஜின் சூடாகும் முன் ஸ்டார்ட் செய்து, குழாய் முனையைத் தடிமனான துணியால் இரண்டு மூன்று நொடி அடைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால் இணைப்பில் ‘புஸ்’ என்று கேட்கும். பழைய கசிவானால் அங்கே கரி வளையம் படிந்திருக்கும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் காற்று உள்ளே போய், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்லும், பெட்ரோல் வீணாகும்.

சைலன்சரின் அடியில் கடுகு அளவில் ஒரு துளை இருந்து, அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் பதறாதீர்கள். எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீர் வடியத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதை ஓட்டை என்று நினைத்து வெல்ட் அடித்து அடைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் இன்னும் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன். அடைத்தால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நேர்க்குழாய் வகை வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: உள்ளே இருக்கும் இழை ஓட ஓட எரிந்து பறந்துபோகும், சத்தம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே உங்களுக்குப் பிடித்த அளவைவிட ஒரு படி அமைதியானதையே வாங்குங்கள்.